சொன்னால் தீருமா பாவம்?

(ஜித்ராவில் ஒளிப்பதிவான தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செய்த பாவத்தை ஒப்புக்கொண்டால் அது தீர்ந்துவிடுமா?" இதுதான் இன்றைய களத்தின் கேள்வி. தீரும் என்று ஒரு சாரார் பேசினார்கள். தீராது, அனுபவித்தே ஆக வேண்டும் என்று மறுசாரார் பேசினார்கள். நிகழ்ச்சியை வழிநடத்துகிறவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஆனாலும் முடிவுரைக்கு வரும்போது ஒரு பக்கம் சாயத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'பாவம்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒருவன் கொடுமை செய்தால் "பாவி, பாவம் செய்துவிட்டான்" என்கிறோம். அந்தக் கொடுமைக்கு ஆளானவனைப் பார்த்து "ஐயோ, பாவம்" என்கிறோம். செய்தவன் கணக்கிலும் அதே சொல், பட்டவன் கணக்கிலும் அதே சொல். சற்றே சிந்தித்துப் பாருங்கள். பாவம் என்றாலே அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்று இங்கே பேசியவர்களில் பெரும்பாலோர் முதல் ஆளைப் பற்றியே பேசினார்கள். அவனுக்கு நரகம் உண்டா, மறுபிறவி உண்டா, மன்னிப்பு உண்டா என்று கேட்டார்கள். இரண்டாவது ஆள் எங்கே போனார்? அவரைத் தேடிப் போவதுதான் என் பேச்சின் நோக்கம்.

தவறு, குற்றம், பாவம்

தெரியாமல் செய்வது தவறு. சட்டம் தடுத்ததைச் செய்வது குற்றம். இன்னொரு மனிதனுக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தும் செய்வது பாவம். மூன்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. ஒரு காலத்தில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது உலகின் பல நாடுகளில் சட்டப்படி சரி. அப்போது அது குற்றம் அல்ல. ஆனால் பாவம் இல்லை என்று சொல்ல முடியுமா? திருவள்ளுவர் தீவினையச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்தார். அவர் அஞ்சச் சொன்னது காவலருக்கோ தண்டனைக்கோ அல்ல, தீவினைக்கே.

இப்போது ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். இதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஜித்ரா மண்ணில் நின்றுகொண்டே பேசலாம்.

இந்த வழியாகத்தான் போனார்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கியது. சில நாள்களில் எல்லை தாண்டி இங்கே வந்துவிட்டது. டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் நடந்த ஜித்ரா சண்டையில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா வீரர்கள் தோற்றுப் பின்வாங்கினார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது.

வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த காலம் அது. அந்த நேரத்தில்தான் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஆள் தேடினார்கள். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவின் தான்புசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. காடு, மலை, ஆறு எல்லாவற்றையும் தாண்டி 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பாதை போடும் வேகத்துக்கு மனித உயிர்கள்தாம் விலையாயின.

நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகையை 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். காலரா, மலேரியா, சீதபேதி, ஆறாத புண். போர்க்கைதிகளிடம் கணக்கெழுத அதிகாரிகளும் கவனிக்க மருத்துவர்களும் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம் தாத்தாவுக்கு உறுதியான எண்ணிக்கைகூட இல்லை.

சரக்கு வண்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். சுங்கைப் பட்டாணி, அலோர்ஸ்டார், கோடியாங் என்று இந்தக் குபாங் பாசு வழியாக பாடாங் பெசார் தாண்டிப் போகிற பாதைதான் அது. இன்று மின்சார ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்து அதே வழியில் போகிறோம்.

"நான் பெயர்தான் எழுதினேன்"

எப்படி இத்தனை பேரைச் சேர்த்தார்கள்? கொஞ்சக் காலந்தான் வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று சொன்னார்கள். சில இடங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்து, வந்தவர்களை அப்படியே ஏற்றினார்கள். அதுவும் போதாமல் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். அந்தக் கணக்கை நிரப்பியவர்கள் யார்? ஜப்பானியச் சிப்பாய்க்கு லயத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்தவர்கள் நம் கிராணிகளும் தண்டல்களும் கங்காணிகளும்தாம்.

இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தலைக்கு மேலும் வாள் தொங்கியது. மறுத்தால் அவர்களும் வண்டியில் ஏற வேண்டும். ஆள்களை மறைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. ஆனால் வேண்டியவர் பெயரை அடித்துவிட்டு, கேட்க ஆளில்லாத ஏழையின் பெயரை எழுதியவர்களும் உண்டு என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். போர் முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். எழுதியவரும் திரும்பியவரும் அதே தோட்டத்தில், காலையில் அதே பிரட்டுக் களத்தில் நின்றார்கள். எழுதியவர் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் ஊருக்கு ஒரு கதையாவது நமக்கு வந்து சேர்ந்திருக்கும். சொல்லாமலே பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் அதே ரயில் பாதையில் இருந்தவர். ஆனால் எதிர்ப்பக்கம்.

நாகாசே என்ற மொழிபெயர்ப்பாளர்

தக்காஷி நாகாசே ஜப்பானியர். காஞ்சனாபுரியில் ஜப்பானிய இராணுவக் காவல் பிரிவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1943இல் போர்க்கைதிகள் இரகசியமாக வானொலி வைத்திருந்தது அங்கே பிடிபட்டது. எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்து அதிகாரியைக் கைகள் ஒடியும்படி அடித்து, பிறகு வாயிலும் மூக்கிலும் நீரைப் பாய்ச்சி விசாரித்தார்கள். கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்ட குரல் நாகாசேயுடையது.

நாகாசே அடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடிக்கவில்லை. "நான் மொழிதான் பெயர்த்தேன், உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். உலகமும் ஏற்றுக்கொண்டிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. போர் முடிந்ததும் இறந்தவர்களின் புதைகுழிகளைத் தேடிச் சென்ற நேச நாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக அந்தப் பாதை நெடுகப் போனார். வரிசை வரிசையாகக் குழிகளைப் பார்த்தார். அது அவரை விடவில்லை. பின்னாளில் திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்குப் போனார். தாம் கண்டதையும் தம் பங்கையும் எழுதி வெளியிட்டார். 1986இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே அமைதிக்காகக் கோயில் அமைத்தார். சொந்த நாட்டில் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. வீட்டுக் குப்பையை ஏன் வெளியே கொட்டுகிறாய் என்ற குரல் எந்த நாட்டில்தான் இல்லை?

லோமாக்ஸ் ஐம்பது ஆண்டுகள் அந்த மொழிபெயர்ப்பாளரை வெறுத்தே வாழ்ந்தார். கையில் கிடைத்தால் கொன்றுவிட வேண்டும் என்றே நினைத்திருந்தார். நாகாசே எழுதியதைப் படிக்க நேர்ந்த பிறகு, லோமாக்ஸின் மனைவி நாகாசேக்குக் கடிதம் எழுதினார். நியாயம் பேசாமல், சாக்குச் சொல்லாமல் பதில் வந்தது. 1993இல் காஞ்சனாபுரியில், அதே ஆற்றங்கரையில், இருவரும் சந்தித்தார்கள். நாகாசே குனிந்து வணங்கி, நடுங்கி, அழுது மன்னிப்புக் கேட்டார். அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. பிறகு லோமாக்ஸ் ஜப்பானுக்குப் போனபோது, மன்னித்துவிட்டதாகத் தம் கைப்பட எழுதிய கடிதத்தை நாகாசேயிடம் கொடுத்தார். 2011இல் நாகாசேயும் 2012இல் லோமாக்ஸும் இறந்தார்கள். சாகும்போது இருவரும் நண்பர்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். லோமாக்ஸுக்கு முன்னால் நின்று ஒருவர் தலை குனிந்தார். நம் தாத்தாக்களுக்கு முன்னால் யார் தலை குனிந்தார்கள்?

கல் உண்டு, சொல் இல்லை

காஞ்சனாபுரியில் ஜப்பானிய இராணுவமே 1944இல் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. அதில் பல மொழிகளில் எழுத்து உண்டு. தமிழும் அவற்றில் ஒன்று. இறந்தவர்களின் ஆன்மா அமைதி பெற வேண்டுகிற கல் அது. யாரால் இறந்தார்கள் என்று அந்தக் கல் சொல்லாது. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமானமுள்ள பொருளும் சேவையும் தருவதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. போர்க்காலத்தில் நேர்ந்த வருந்தத்தக்க நிகழ்வுகள் தொடர்பான பிரச்சினை அத்துடன் தீர்ந்ததாக முடிவாயிற்று. வருந்தத்தக்க நிகழ்வுகள்! மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்பது போல.

1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பானியப் பிரதமர் முராயாமா, தம் நாட்டின் காலனி ஆட்சியாலும் ஆக்கிரமிப்பாலும் ஆசிய மக்கள் பட்ட துன்பத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதில் செய்த செயலுக்குப் பெயர் இருந்தது. அது பெரிய வேறுபாடு. அதற்கு முந்திய ஆண்டு அவர் நம் நாட்டுக்கு வந்தபோது, அப்போதைய பிரதமர் மகாதீர், ஐம்பது ஆண்டுக்கு முந்தியதற்கு ஜப்பான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்டார். நாட்டுக்கு நாடு உறவு, வாணிகம் என்ற கணக்கில் அது புரிகிறது. ஆனால் இறந்தவன் சார்பில் மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஒரு விதவை மன்னிக்கலாம். அப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை மன்னிக்கலாம். அவர்களைக் கேட்காமல் மற்றவர்கள் மன்னிப்பது அடுத்தவர் பணத்தில் தானம் செய்வதற்குச் சமம்.

சமயங்கள் என்ன சொல்கின்றன?

கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் என்று முன்பு சொன்னார்கள். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. குருவிடம் சொல்லிவிட்டால் போதும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். அப்படி அல்ல. மனசாட்சியை ஆராய வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும், சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். திருடியவன் பொருளைத் திருப்பித் தர வேண்டும். இஸ்லாத்தில் தவ்பா இறைவனிடம் நேரடியாகச் செய்வது. ஆனால் இன்னொரு மனிதனின் உரிமையைப் பறித்திருந்தால் அவனுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும், அல்லது அவனிடம் பொறுத்தருளக் கேட்க வேண்டும். புத்த பிக்குகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி, தம் பிழையைச் சங்கத்தின் முன் சொல்லும் வழக்கம் உண்டு. நாம் காவடி எடுக்கிறோம், முடி இறக்குகிறோம், உண்டியலில் போடுகிறோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் என்ன செய்தான்? கோயிலுக்கு ஓடவில்லை. அநியாயத்துக்கு ஆளானவள் முன்னாலேயே, அவையில், பிழை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு உயிரை விட்டான். வேறு வேறு வழிகள், ஆனால் எதிலும் இரண்டாவது ஆளைத் தாண்டிப் போகும் குறுக்குப் பாதை இல்லை.

சாமியிடம் சொல்வது எளிது. சாமி திரும்பக் கேள்வி கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவர் கேட்பார். அதனால்தான் நாம் உண்டியலைத் தேடுகிறோம்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

மொழியை வைத்துப் பிழைப்பவர்கள் நாங்கள். ஆகவே மன்னிப்புக் கேட்கும் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. "தவறு நடந்துவிட்டது" என்கிறோம். தவறு தானாகவே நடக்குமா? அதற்குக் கால் இருக்கிறதா? "கை நீண்டுவிட்டது" என்கிறோம். கை யாருடையது? "என் பேச்சு யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால்" என்று அரசியல்வாதிகள் சொல்வதை நாமே ஒளிபரப்புகிறோம். 'இருந்தால்' என்ற அந்த ஒரு சொல் முழு மன்னிப்பையும் தின்றுவிடுகிறது. உண்மையான ஒப்புதலுக்கு மூன்றே உறுப்புகள். நான். இன்னதைச் செய்தேன். உனக்குச் செய்தேன். இதில் எது குறைந்தாலும் அது ஒப்புதல் அல்ல.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் அமைந்தது. பொது மன்னிப்புக் கேட்டு 7,000க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்ததோ 849 பேருக்குத்தான். வருத்தப்படு என்று சட்டம் கேட்கவில்லை. அரசியல் நோக்கத்தில் செய்ததை ஒளிக்காமல் முழுவதும் சொல் என்றுதான் கேட்டது. ஏன்? வருத்தத்தை நடித்துக் காட்டலாம். ஆனால் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்ற தகவல் ஒரு தாய்க்குத் தேவைப்படுகிறது. தண்டனை கிடைக்கவில்லையே என்று கொதித்த குடும்பங்களும் அங்கே உண்டு. அந்தக் கொதிப்பும் நியாயமே. மன்னிப்பு, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தரும் கொடை. கேட்டவுடன் தர வேண்டிய கடன் அல்ல.

இன்றைய பட்டியல்

இவ்வளவும் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பொய்யான வாக்குறுதியை நம்பி, கடன் வாங்கி, கடல் கடந்து வந்து, சொன்ன சம்பளம் வேறு, கிடைத்த சம்பளம் வேறு என்று நிற்கும் மனிதர்கள் இன்றும் நம் நாட்டில் இருக்கிறார்கள். வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளியர், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பிள்ளைகளும் உண்டு. ஒருவருடைய கடப்பிதழை இன்னொருவர் பறித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனாலும் முதலாளியின் மேசை அறையில் கடப்பிதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடப்பது நாம் அறியாததல்ல. அந்த முதலாளிகளில், குத்தகையாளர்களில், உணவகக்காரர்களில் தமிழர்கள் இல்லையா? "நான் முகவர்தான்", "நான் கணக்குதான் எழுதுகிறேன்" என்ற சொற்கள் மீண்டும் காதில் விழுகின்றன. பட்டியலில் பெயர் எழுதப்பட்டவனின் பேரன், இன்று பேனாவைப் பிடித்திருக்கிறான். பாவத்தின் இயல்பு இதுதான். ஒப்புக்கொள்ளப்படாத பாவம் ஆளை மாற்றிக்கொண்டு தொடர்கிறது.

ஆகவே, சொன்னால் தீருமா என்ற கேள்விக்கு என் விடை இது. சொன்னால் மட்டும் தீராது. ஆனால் சொல்லாமல் தீரவே தீராது. சொல்வது வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே போய்ச் செய்ய வேண்டியது இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். யார் போனார், எந்தத் தோட்டம், யார் திரும்பவில்லை என்று எழுதிவையுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெயர் எழுதியவர் உங்கள் குடும்பத்தவராக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். பேரப்பிள்ளை குற்றவாளி அல்ல; ஆனால் உண்மையை வைத்திருப்பவர். மேசை அறையில் யாருடைய கடப்பிதழாவது இருந்தால், நாளை காலையிலேயே உரியவர் கையில் கொடுங்கள். பிடித்து வைத்த சம்பளம் இருந்தால் அதையும் கொடுங்கள். கொடுக்கும்போது, "நான் இதை உனக்குச் செய்தேன்" என்று சொல்லிக் கொடுங்கள்.

அவர் மன்னிப்பாரா என்று கேட்காதீர்கள். அது அவர் விருப்பம். சொல்வது நம் கடமை.